ஏற்காட்டிலிருந்து இறங்கி சேலத்தில் படம் பார்க்கணும், தலைசுற்றல் உள்ளவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மிளகுக்கொடி:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஏற்காடு, எஸ்டேட் ஆபீசில் கணக்கு வேலை. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பஸ் ஏறினால் வாந்தி. சேலம் இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அதில் பாதி தாண்டுவதற்குள் வாயில் எச்சில் ஊறி உடம்பு சில்லென்று வியர்த்துவிடும். இது இங்கே மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் உண்டு, அதனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்குக் கூடவே இன்னொன்றும் இருக்கிறது. தியேட்டரில் உட்கார்ந்தாலும் அதே புரட்டல் வரும். நாற்காலி அசையவில்லை, தரை அசையவில்லை, ஆனால் திரையில் கேமரா ஓட ஆரம்பித்தால் எனக்கும் வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். வீட்டு டிவியில் இந்த அளவுக்கு இல்லை. அதனால் தியேட்டர் பக்கம் போய் வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. வீட்டில் எல்லோரும் படத்துக்குக் கிளம்பினால் "நீங்க போய்ட்டு வாங்க, நான் சமையலைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லியே பழகிவிட்டேன்.

இப்போது போயே ஆக வேண்டும். என் அண்ணன் மகன் சென்னையில் ஒளிப்பதிவு உதவியாளராக இருக்கிறான். பள்ளிக்கூடம் முழுக்க எங்கள் வீட்டில் தங்கிப் படித்த பையன். இத்தனை காலம் பெயர் வராமலேயே வேலை செய்தான், இந்தப் படத்தில்தான் முதல் தடவையாக டைட்டிலில் அவன் பெயர் வருகிறது. அடுத்த வாரம் சேலத்தில் ரிலீஸ். "அத்தை, வந்தே ஆகணும்னு நான் சொல்ல மாட்டேன், உங்க உடம்பு எனக்குத் தெரியும்" என்று போனில் சொன்னான். அவன் அப்படிச் சொன்ன பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

அவனே உண்மையையும் சொல்லிவிட்டான். படத்தில் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி எடுத்த துரத்தல் காட்சிகள் உண்டு. அப்புறம் அவன் பெயர் படம் முடிந்த பிறகு கீழேயிருந்து மேலே ஓடுகிற எழுத்துகளில்தான் வருகிறது, அதையும் கண்ணால் பார்க்க வேண்டும் எனக்கு.

எங்கே உட்காருவது, மாத்திரை போடலாமா, மலை இறங்கிய களைப்போடு நேராகத் தியேட்டருக்குப் போகலாமா, ராத்திரி திரும்பி மலை ஏறுவது சரியா, இதெல்லாம் உங்களில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். படத்தை வெறுமனே தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருவதில் எனக்கு விருப்பமில்லை. ரசித்துப் பார்க்க வேண்டும்.

கோரிமேட்டுக்காரன்:

அக்கா, நான் சேலம் ஏற்காடு வேன் ஓட்டுகிறவன். படத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் ரோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் டிரைவர் பக்கத்து சீட். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, வயசானவர்கள் வந்தாலும் நிலைமையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வண்டி ஓட்டுகிறவனுக்கு வாந்தி வருவதே அபூர்வம், ஏனென்றால் அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவன் உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். முன்னால் உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தால் உங்கள் உடம்புக்கும் அது பாதியாவது தெரிந்துவிடும். பின் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்தால் எந்த மாத்திரையும் காப்பாற்றாது.

இரண்டாவது வேகம். இதை வண்டி ஏறும் முன்பே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள், நடுவழியில் சொன்னால் பலன் குறைவு. ஒரே வளைவில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஆளைப் பக்கவாட்டில் தள்ளுகிற விசை கால்பங்காகக் குறையும். அதனால் கொஞ்சம் மெதுவாகப் போனாலே உடம்புக்குப் பெரிய வித்தியாசம் தெரியும். சனி ஞாயிறு வேண்டாம், டூரிஸ்ட் வண்டி நெரிசலில் பிரேக் போட்டுப் போட்டு எடுக்க வேண்டியிருக்கும், அந்த ஆட்டம்தான் வயிற்றைக் கெடுப்பது. வண்டிக்குள் சென்ட் பாட்டில் மாட்டியிருந்தால் எடுத்து டிக்கியில் போடச் சொல்லுங்கள், எந்த டிரைவரும் கோபித்துக்கொள்ள மாட்டான். வெறும் வயிற்றோடு வராதீர்கள், இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் கூடாது. 1200 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம் என்பதால் காது அடைக்கும், அடிக்கடி எச்சில் விழுங்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஏறுவது உங்களுக்கு ஒத்துவராது. இருட்டில் ஹெட்லைட் விழுகிற இடம் மட்டும்தான் தெரியும், தூரத்தில் கண்ணை நிறுத்த ஒன்றுமே இருக்காது. சேலத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்கிவிட்டுக் காலையில் ஏறுங்கள்.

சூரமங்கலத்தான்:

இவ்வளவு சிரமப்படுவதற்குக் கொஞ்ச நாள் பொறுத்தால் ஓடிடியில் வந்துவிடுமே. வீட்டு டிவியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், பெயர் வரும் இடத்தில் பாஸ் பண்ணி போட்டோகூட எடுக்கலாம். உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற அக்கறையில்தான் சொல்கிறேன்.

மிளகுக்கொடி:

அக்கறைக்கு நன்றி தம்பி. ஓடிடியில் வந்ததும் அதையும் பார்ப்பேன். ஆனால் அவன் வேலை செய்தது பெரிய திரைக்காக. தெரியாத முந்நூறு பேர் இருட்டில் ஒன்றாக உட்கார்ந்து அவன் ஃபோகஸ் பிடித்த முகத்தைப் பார்ப்பார்கள், அந்த முந்நூறு பேரில் நானும் ஒருத்தியாக இருக்க வேண்டும். இது பாஸ் பண்ணிப் பார்ப்பதில் கிடைக்காது. கோரிமேட்டுத் தம்பி, அஸ்தம்பட்டியில் தங்கை வீடு இருக்கிறது, முதல் நாளே இறங்கித் தங்கிக்கொள்கிறேன்.

பழைய ஆபரேட்டர்:

அம்மா, சேலம் தியேட்டர்களில் பல வருஷம் புரொஜக்டர் ஓட்டினவன் நான், புரொஜக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்த காலத்திலிருந்து டிஜிட்டல் வந்தது வரைக்கும். ஹாலுக்குள் யார் எங்கே உட்கார்ந்தால் எழுந்து வெளியே ஓடுவார்கள் என்று ஆபரேட்டர் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சேலம் ஜங்ஷனில் நம் ரயில் நின்றுகொண்டிருக்கும்போது பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகர்ந்தால் நாமே நகர்வது போல ஒரு நொடி தோன்றும் இல்லையா, தியேட்டரில் உங்களுக்கு நடப்பது அதேதான். கண் "போய்க்கொண்டிருக்கிறோம்" என்கிறது, உடம்பின் அசைவை உணர்கிற உள்காது "உட்கார்ந்துதான் இருக்கிறோம்" என்கிறது. மலைப்பாதையில், அதுவும் பின் சீட்டில், இது தலைகீழாக நடக்கும். அங்கே உள்காது அசைவைச் சொல்லும், கண் வண்டியின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டு அசையவில்லை என்று சொல்லும். இரண்டு இடத்திலும் தகராறு ஒன்றுதான்.

நாமே நகர்கிற அந்த உணர்வை அதிகம் கிளப்புவது ஓரப்பார்வை. நேர்ப்பார்வையில் அசைவது பெரிதாகப் படாது, பார்வையின் இரண்டு ஓரத்தையும் நிறைத்துக்கொண்டு படம் அசைந்தால்தான் உடம்பு ஏமாறும். அதனால்தான் வீட்டு டிவியில் உங்களுக்குத் தொந்தரவு குறைவு. ஒரு கணக்குப் பாருங்கள். திரை 50 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 25 அடி தூரத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தால் திரை உங்கள் பார்வையில் 90 டிகிரியை அடைத்துக்கொள்ளும். 90 அடி தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 31 டிகிரிதான். கடைசி வரிசை என்றால் படம் குறைந்து போய்விடும் என்று வருத்தப்பட வேண்டாம். கடைசி வரிசையிலும் 30 டிகிரியாவது கிடைக்க வேண்டும் என்பதுதான் தியேட்டர் கட்டும் தொழிலில் நடைமுறையில் உள்ள அளவு, ஆகவே அங்கேயும் முழுப் படம்தான் பார்க்கிறீர்கள். ஆக, கடைசி வரிசை, கூடுமானவரை நடு, நடைபாதையை ஒட்டின சீட். ஆன்லைனில் புக் பண்ணும்போதே சீட் வரைபடத்தில் பார்த்து எடுங்கள். கவுண்டரில் எடுத்தால் கிடைத்ததுதான். ஒரு மூலையில் உட்கார்ந்தால் திரை சாய்ந்து தெரியும், தலையையும் திருப்பி வைக்க வேண்டியிருக்கும், அது வேண்டாம். ஆட்டுகிற நாற்காலி போட்ட ஷோ, ராட்சதத் திரை, 3டி, இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

பின் தலையை நாற்காலியில் நன்றாகச் சாய்த்துப் பதித்து வையுங்கள். தலை தானாக லேசாக ஆடிக்கொண்டே இருந்தால் தொந்தரவு கூடும். காட்சி ஆட ஆரம்பித்ததும் திரையின் நடுவை விட்டுவிட்டு அசையாத ஒன்றைப் பிடியுங்கள். திரையின் கருப்பு விளிம்பு இருக்கிறது, வாசலுக்கு மேலே சிவப்பிலோ பச்சையிலோ எரிகிற பலகை இருக்கிறது, முன் சீட்டின் மேல்விளிம்பு இருக்கிறது. அதுவும் போதவில்லை என்றால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கண்ணை மூடினதும் தகராறில் ஒரு கட்சி போய்விடும், அதனால்தான் அது சீக்கிரம் வேலை செய்கிறது. படத்தை விட்டுவிட்டோமே என்று நினைக்காதீர்கள். ஒலியை ஒரு துறையே உட்கார்ந்து மாதக்கணக்கில் செதுக்கியிருக்கிறது, ஓடுகிறவன் காலடி இடது ஸ்பீக்கரிலிருந்து வலதுக்குப் போவதைக் கண்ணை மூடித்தான் நன்றாகக் கேட்க முடியும்.

இன்னொன்று, எல்லாப் படமும் இப்படிப் பண்ணாது. பழைய படங்களில் கேமரா ஆள் தூக்க முடியாத எடை, டிராலியிலோ கிரேனிலோ வைத்துத்தான் நகர்த்துவார்கள். நீங்கள் இறங்கி வருகிற அதே ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது, டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டுடியோ. தமிழின் முதல் முழு நீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அவர்கள் எடுத்ததுதான். அந்தக் காலத்துப் படம் எதையும் பார்த்து யாரும் தலைசுற்றி வெளியே வந்து நான் பார்த்ததில்லை. கேமரா இலேசாகி ஆளோடு ஓட ஆரம்பித்த பிறகுதான் இது வந்தது. படம் வினாடிக்கு 24 பிரேம்தான் ஓடுகிறது, கேமராவைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் காட்சி விட்டு விட்டுத் துடிக்கும். ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக 7 வினாடியாவது ஆகட்டும் என்று ஒளிப்பதிவாளர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பது அதற்காகத்தான். துரத்தல் காட்சியில் அதை மீறத்தான் செய்வார்கள், வேகம் வேண்டுமே. 1999-ல் 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' என்று ஓர் அமெரிக்கப் படம் முழுக்கவே கைக்கேமராவில் வந்தது, அதைப் பார்த்தவர்களில் எத்தனையோ பேருக்குத் தியேட்டரிலேயே குமட்டல். ஆகவே இது உங்களுக்கு மட்டும் உள்ள குறை கிடையாது.

உங்களிடம் யாருக்கும் இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. அந்தப் பையன் படத்தை ஷாட் ஷாட்டாக அறிந்தவன். எந்த இடத்தில் கேமரா கைக்குப் போகிறது, எங்கே ஸ்டாண்டுக்குத் திரும்புகிறது என்று அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடை அக்கா:

மிளகுக்கொடி, ஆபரேட்டர் ஐயா சொன்னதுக்கு மேல் சீட் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. நான் பார்மசிஸ்ட், மாத்திரை பற்றிச் சொல்கிறேன், ஆனால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் போட வேண்டாம்.

மலை ஏறுகிறவர்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் அவோமின். அதில் இருப்பது புரோமெதசின். வேலை செய்யும், ஆனால் குமட்டல் வருவதற்கு முன்னால் போட வேண்டும், கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே. புரட்ட ஆரம்பித்த பிறகு விழுங்கினால் வயிறு அதை எடுத்துக்கொள்ளாது, பலரும் ஆறாவது ஏழாவது வளைவில் தேடுகிறார்கள். தூக்கம் வரும், வாய் உலரும். தூக்கம்தான் உங்களுக்கு இங்கே பிரச்சினை. மதியப் படத்துக்குக் காலையில் மாத்திரை போட்டு மலை இறங்கினால் படத்தில் பாதி தூங்கிவிடுவீர்கள். நீங்களே முதல் நாள் இறங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள், அதுதான் சரியான திட்டம். மாத்திரை மலைக்கு, தியேட்டருக்கு வெறும் கண்ணும் நல்ல தூக்கமும். மாத்திரை போட்ட அன்று வண்டி ஓட்டக் கூடாது. கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்கள், புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்கள், வயதானவர்கள் கட்டாயம் டாக்டரைக் கேட்க வேண்டும், 2 வயதுக்குக் கீழே குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

வாந்தி என்றதும் வீட்டில் இருக்கும் ஆன்டன்செட்ரானை எடுத்துப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். வயிற்று உபாதைக்கும் கீமோ வாந்திக்கும் அது நல்ல மருந்துதான், பயண வாந்திக்குப் பெரிதாக உதவாது. தூக்கம் தராத அலர்ஜி மாத்திரைகளும் அப்படித்தான். இஞ்சி சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, ஆராய்ச்சிகளில் முடிவு கலந்துதான் வந்திருக்கிறது, இஞ்சி மரப்பா ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். குமட்டல் திடீரென்று வருவதில்லை, அதற்கு முன் அறிகுறி உண்டு. காரணமில்லாமல் கொட்டாவி வரும், எச்சில் ஊறும், முகம் வெளுக்கும், நெற்றி சில்லென்று ஆகும். முதல் கொட்டாவியிலேயே கண்ணை மூடிவிட்டால் சில நிமிஷத்தில் அடங்கும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், அப்புறம் படத்தை நிறுத்தினாலும் மணிக்கணக்கில் இருக்கும். மாதவிடாய் நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் இது கூடும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கூடுதல். உங்களுக்கு மைக்ரேன் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் சும்மா இருக்கும்போது, படுக்கையில் புரளும்போது அறை சுற்றுகிறது, காதில் இரைச்சல் கேட்கிறது, ஒரு காது மந்தமாகிறது என்றெல்லாம் இருந்தால் அது வேறு கதை. காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு வகைக்கு மாத்திரைகூடத் தேவைப்படாது, உள்காதில் இடம் மாறின சுண்ணாம்புத் துகளைத் தலையைத் திருப்பித் திருப்பியே பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

மிளகுக்கொடி:

போய் வந்துவிட்டேன். எல்லோருக்கும் விவரமாக எழுதுகிறேன், இதே தொந்தரவு உள்ள இன்னொருவருக்குப் பயன்படட்டும்.

டாக்டரைக் கேட்டு மாத்திரை போட்டுக்கொண்டு, முன் சீட்டில் உட்கார்ந்து, வார நாளில் மெதுவாக இறங்கினோம். கடைசி வளைவு வரைக்கும் வயிறு அமைதியாக இருந்தது. தங்கை வீட்டில் சாயங்காலமே தூங்கிவிட்டேன். மறுநாள் காலைக் காட்சி. கடைசி வரிசை, நடைபாதை சீட். பக்கத்தில் அண்ணன் மகன்.

ஆபரேட்டர் ஐயா சொன்னபடி அவனிடம் முதல் நாளே கேட்டிருந்தேன். அவன் யோசித்துவிட்டு ஓர் ஏற்பாடு சொன்னான். கேமரா கைக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்னால் என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டுவான், ஸ்டாண்டுக்கு வந்ததும் இன்னொரு தட்டு. தட்டினதும் நான் திரையின் கருப்பு விளிம்புக்குப் போய்விடுவேன், வேகம் கூடினால் கண்ணை மூடிவிடுவேன். இப்படிப் பார்த்ததில் எனக்குப் படம் குறையவே இல்லை, சொல்லப்போனால் கூடிவிட்டது. ஒரு சந்தில் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள், நான் கண்ணை மூடியிருக்கிறேன், தகரக் கூரை மேல் யாரோ குதிக்கிற சத்தம் என் தலைக்குப் பின்னாலிருந்து வருகிறது, ஹால் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது. அப்புறம் தட்டு. கண்ணைத் திறந்தால் ஒரு முகம், அசையாமல், திரை அகலத்துக்கு, மேல் உதட்டில் வியர்வைத் துளி ஒவ்வொன்றாகத் தெரிகிறது. "இது நான் பிடிச்ச ஃபோகஸ் அத்தை" என்று காதுக்குள் சொன்னான். முகம் மெதுவாகத் திரும்புகிறது, கண் மட்டும் துல்லியமாக நிற்கிறது, காது மங்கலாகப் பின்னால் போகிறது. இத்தனை வருஷம் இந்தப் பையன் என்ன வேலை செய்கிறான் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "சினிமாவில் இருக்கான்" என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரியும். இனிமேல் என்ன வேலை என்று விளக்கியே சொல்வேன்.

இடைவேளைக்கு அப்புறம் ஒரு பாட்டு வந்தது, ஒரு வெட்டு வெட்டி அடுத்த வெட்டு, கேமரா சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது. அக்கா சொன்னது ஞாபகம் இருந்ததால் அந்த நிமிஷமே எழுந்து வெளியே வந்து லாபியில் கண்ணாடி ஜன்னல் பக்கம் நின்றேன். தூரத்தில் சேர்வராயன் மலை தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டேன். ஏசி காற்று முகத்தில் அடிக்கிற இடமாகப் பார்த்து நின்றதும் நல்லது. லாபியில் வெண்ணெய் பாப்கார்ன் வாசம்தான் கொஞ்சம் தொந்தரவு, துப்பட்டாவில் எலுமிச்சம்பழத்தோலைத் தேய்த்து வைத்திருந்தேன். அடங்கினதும் உள்ளே போனேன், பாட்டு முடிந்திருந்தது. நடைபாதை சீட் என்பதால் யார் காலையும் மிதிக்கவில்லை, யாரையும் எழுப்பவில்லை.

கடைசியில் பெயர்கள். இதைத்தான் நான் அதிகம் பயந்தேன், எழுத்து முழுக்க மேலே ஓடுகிறது, கண்ணும் கூடவே ஓட வேண்டும். இதற்கும் அவன் வழி சொன்னான். ஓடுகிற எழுத்தைக் கண்ணால் துரத்த வேண்டாம், திரையின் நடுவில் ஓர் உயரத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயே பார்த்திருங்கள், பெயர் தானாக அந்த இடத்துக்கு வரும் என்றான். அதற்குள் ஹால் விளக்கையும் போட்டுவிட்டார்கள். சாதாரணமாக அது எல்லோருக்கும் எரிச்சல், எனக்கு உதவியாகிவிட்டது. சுவர், நாற்காலி, படிக்கட்டு எல்லாம் அசையாமல் கண்ணில் பட்டது, நடுவில் எழுத்து மட்டும் சின்னதாக ஓடியது. ஒளிப்பதிவு உதவியாளர்கள் என்று வந்தது, அதற்குக் கீழே அவன் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. கூட்டிப் பெருக்க வந்த இரண்டு பேர் துடைப்பத்தோடு வாசலில் காத்திருந்தார்கள். "தம்பி பேரா? இருங்க, பாருங்க" என்று நின்றுகொண்டார்கள். நான் கை தட்டினேன், அவர்களும் தட்டினார்கள்.

வெளியே வந்ததும் தட்டுவடை செட் சாப்பிட்டோம், பசித்தது எனக்கு. தியேட்டரிலிருந்து பசியோடு வெளியே வந்ததே பெரிய விஷயம். அன்று ராத்திரியும் தங்கிவிட்டு மறுநாள் வெளிச்சத்தில் மலை ஏறினோம்.

கோரிமேட்டுத் தம்பி, டிக்கியில் சென்ட் பாட்டிலைப் போடச் சொன்னேன், டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேட்டர் ஐயா, ஏற்காடு ரோட்டில் அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டி நீங்கள் சொன்னதைப் பையனிடம் சொன்னேன், வண்டியை நிறுத்தி இறங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

தாரமங்கலம் அம்மா:

படிக்கும்போது சந்தோஷமாக இருந்தது. என் மகளுக்கு 8 வயது, அவளுக்கும் பஸ்ஸில் இதே தொந்தரவு. லீவில் பிள்ளைகள் எல்லோரும் 3டி படத்துக்குப் போகிறார்கள், அழுகிறாள். அனுப்பலாமா?

பழைய ஆபரேட்டர்:

அதே படம் பல இடத்தில் 2டி-யிலும் ஓடும், காட்சி நேரம் மட்டும் வேறாக இருக்கும். அதைத் தேடி எடுங்கள். 3டி-யில் பொருள் மூக்குக்கு முன்னால் வருகிறது என்று இரண்டு கண்ணும் உள்பக்கம் திரும்பும், ஆனால் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் பார்வை தூரத்துத் திரையிலேயே நிற்க வேண்டும், கண்ணுக்கு இது இரட்டை வேலை. 3டி-தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள். தலை வலித்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணாடி இல்லாமல் திரையைப் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், அது இன்னும் மோசம்.

மருந்துக்கடை அக்கா:

8, 9 வயதில்தான் இது உச்சத்தில் இருக்கும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரக் குறையும். தோழிகளோடு மட்டும் அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள், கொட்டாவியைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும். கொட்டாவி விட்டால் வெளியே கூட்டிக்கொண்டு வந்து தூரமாகப் பார்க்க வையுங்கள், சரியானதும் மறுபடி உள்ளே கூட்டிப் போகலாம். மாத்திரை வேண்டுமா என்பதைக் குழந்தை டாக்டர் எடை பார்த்துச் சொல்லட்டும், உங்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்க வேண்டாம்.